கார்டுக்கு முன்னால் கரண்ட்

வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்துக்கட்டிய டெல், எச்பி கணினிப் பெட்டிகள் யாங்கூன் கடைகளில் நிறையக் கிடைக்கின்றன. விலை மலிவு, உடம்பு கெட்டி. பிள்ளைகள் படிப்புக்கும் கடைக் கணக்குக்கும் தாராளமாகப் போதும். வீட்டில் கேம் ஆடும் பையன் இருந்தால்தான் பேச்சு வேறு பக்கம் போகும். “மாமா, இதுல ஆர்டிஎக்ஸ் 3060 போட்டா கேம் ஓடும்ல?” அவன் கேட்பது கேம் காட்சியை வரையும் கிராபிக்ஸ் கார்டை. இடம் இருந்தால் கார்டு உட்காரும். அது கேட்கும் 170 வாட்டை யார் கொடுப்பது என்பதுதான் முதல் கேள்வி. நம் ஊரில் அந்தக் கேள்விக்குப் பெட்டிக்குள் மட்டும் பதில் தேடினால் போதாது, சுவரிலிருக்கும் பிளக்கிலிருந்தே பார்த்துக்கொண்டு வரவேண்டும்.

கிராபிக்ஸ் சில்லு வேலை செய்வது ஏறத்தாழ 1 வோல்ட்டில். சுவர் கரண்டை மாற்றிக் கொடுக்கும் பவர் சப்ளையிலிருந்து வருவதோ 12 வோல்ட். அதை இறக்கிக் கொடுப்பதற்கென்றே கார்டின் ஓரத்தில் காயில்களும் மாஸ்ஃபெட் என்கிற மின்னணு சுவிட்சுகளும் வரிசையாக நிற்கின்றன. 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் என்றால் 120 வாட். அதே 120 வாட் 1 வோல்ட்டுக்கு இறங்கும்போது 120 ஆம்பியர் ஆகிறது. நம் வீட்டு மெயின் சுவிட்ச் ஆயுளில் பார்க்காத ஆம்பியர் அது, கட்டைவிரல் அகலச் சில்லுக்குள் ஓடுகிறது. கார்டில் பாதிக்கு மேல் விசிறியும் அலுமினியமுமாக இருப்பதற்குக் காரணம் வேறொன்றுமில்லை.

இந்த 12 வோல்ட் கார்டுக்கு இரண்டு வழியில் வரும். ஒன்று, கார்டைச் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட். அதன் உச்சவரம்பு 75 வாட். அதற்கு மேல் வேண்டுமானால் பவர் சப்ளையிலிருந்து தனி வயர் வரவேண்டும்: 6 பின் கனெக்டருக்கு 75 வாட், 8 பின்னுக்கு 150. 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 2019இன் ஜிடிஎக்ஸ் 1650, 2024இல் வந்த 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050 எல்லாம் 75 வாட்டுக்குள் அடங்குபவை. இவற்றில் தனி வயர் கேட்காத மாடலாகப் பார்த்து வாங்கினால் பழைய பவர் சப்ளையைத் தொடவே வேண்டாம். அலுவலகப் பெட்டிக்கு என் சிபாரிசு எப்போதும் இந்தப் பக்கம்தான். பெட்டி ஒல்லி ரகமென்றால் குட்டையான கார்டாகக் கேட்டு வாங்கவேண்டும், அவ்வளவுதான்.

75ஐத் தாண்டுகிறவர்களுக்குத்தான் மீதிக் கதை.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். டெல் ஆப்டிபிளெக்ஸ் 7020, 2014இல் வந்த மாடல். அதன் பெரிய பெட்டியில் இருப்பது 290 வாட் பவர் சப்ளை. உள்ளே ஐ5-4590 புராசசர் இருந்தால் அதற்கு 84 வாட். மதர்போர்டு, ரேம், டிஸ்க், விசிறி எல்லாவற்றுக்கும் ஒரு 40 வைப்போம். இதில் 170 வாட் கார்டைச் சேர்த்தால் கூட்டல் 294. காகிதத்திலேயே இடம் இல்லை. போதாக்குறைக்கு அந்தப் பவர் சப்ளையில் கார்டுக்கான 6 பின், 8 பின் வயரும் கிடையாது.

இங்கேதான் கடைக்காரர் ஒரு சின்ன அடாப்டரை நீட்டுவார்: ஒரு முனை டிஸ்குக்குப் போகும் சாட்டா பவர், மறுமுனை 6 பின். அதை வாங்காதீர்கள். சாட்டா கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு இருப்பது மூன்றே மூன்று மெல்லிய பின். ஒன்றுக்கு 1.5 ஆம்பியர், மொத்தம் 4.5, அதாவது 54 வாட். 6 பின் கார்டு கேட்கக்கூடியது 75. முதல் வாரம் ஒன்றும் தெரியாது. பின்கள் சூடேறிப் பிளாஸ்டிக் இளகி, ஒருநாள் கருகிய வாடை வரும்.

புதுப் பவர் சப்ளை வாங்கும்போது பெட்டி மேலிருக்கும் பெரிய எண்ணைப் பார்க்காதீர்கள். பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 500 வாட் என்று போட்ட பெயர் தெரியாத பெட்டியில் 12 வோல்ட்டுக்கு 20 ஆம்பியர் என்று இருந்தால், கார்டுக்கும் புராசசருக்கும் சேர்த்துக் கிடைப்பது 240 வாட்தான். மிச்சமெல்லாம் 3.3, 5 வோல்ட்டில் உட்கார்ந்திருக்கும்; இன்றைய கணினிக்கு அதில் பெரிதாக வேலை இல்லை. நல்ல 500 வாட் பெட்டியில் அந்த எண் 40ஐ ஒட்டி இருக்கும்.

அடுத்து, பின் பொருந்துமா? சாதாரண மதர்போர்டுக்கு 24 பின். மேலே சொன்ன 7020க்கு டெல் தன் சொந்த 8 பின் ஏற்பாட்டை வைத்திருக்கிறது. டிஸ்குக்கான கரண்டும் மதர்போர்டிலிருந்தே போகிறது. எச்பியிலும் இதுபோல 6 பின் ரகங்கள் உண்டு. அந்தந்த மாடலுக்கென்றே செய்த அடாப்டர் வயர் விற்கிறது, மாடல் எண்ணைச் சொல்லி அதைத்தான் வாங்கவேண்டும். வயர் கழற்றி மாட்டும் ரகப் பவர் சப்ளையில் இன்னொரு பொறி இருக்கிறது. ஒரு கம்பெனி வயரை வேறு கம்பெனிப் பெட்டியில் செருகினால் கச்சிதமாக உட்காரும். உள்ளே 12 வோல்ட் வரவேண்டிய பின்னில் என்ன வருமென்று சொல்லமுடியாது. டிஸ்க் செத்துவிடும்.

இனி சுவருக்கு வருவோம். நமக்கு வரவேண்டியது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அது 160க்கு இறங்கினால் பவர் சப்ளை என்ன செய்யும்? கணினி கேட்பது 300 வாட். 85 சதவீதத் திறன் என்றால் சுவரிலிருந்து எடுப்பது சுமார் 353. வோல்ட் இறங்கினாலும் கேட்கிற வாட் குறையாது. எனவே 230இல் 1.5 ஆம்பியர் எடுத்த அதே பெட்டி 160இல் 2.2 ஆம்பியர் இழுக்கும். வயரிலும் உள்ளே முதல் கட்டத்திலும் சூடு ஆம்பியரின் வர்க்கத்துக்கு ஏறும், அதாவது இரண்டு மடங்கு. அதனால்தான் லேபிளில் ‘100–240 வோல்ட்’ என்று இருக்கிறதா, ஆக்டிவ் பிஎஃப்சி உண்டா என்று பார்க்கச் சொல்கிறேன்.

அந்த பிஎஃப்சி செய்யும் வேலை அழகானது. சுவரிலிருந்து என்ன வோல்ட் வந்தாலும் அதை நேர்மின்னாக்கி, 380 வோல்ட்டை ஒட்டி உயர்த்தி, ஒரு பெரிய கெப்பாசிட்டரில் நிரப்பி வைக்கும். அதற்கப்புறம்தான் நொடிக்குப் பல பத்தாயிரம் தடவை வெட்டி, டிரான்ஸ்ஃபார்மர் வழியாக 12 வோல்ட்டாக இறக்குவது. கரண்ட் வந்ததும் மோட்டார் போட்டு மாடித் தொட்டியை நிரப்பிக்கொள்கிறோமே, அதே சங்கதிதான். கரண்ட் நின்ற கணத்தில் கணினி ஓடுவது இந்தத் தொட்டியிலிருந்து. முழுச் சுமையில் சுமார் 16 மில்லிநொடி தாங்கவேண்டும் என்றது பவர் சப்ளைகளுக்கான பழைய ஏடிஎக்ஸ் விதி. ஓர் அலைகூட முழுதாக ஓடாத நேரம். விளக்கு ஒரு தரம் சிமிட்டும்போது கணினி பிழைப்பதும் அணைவதும் இதில்தான் இருக்கிறது.

இங்கே இரண்டு விஷயம் கவனியுங்கள். பாதிச் சுமையில் ஓடும் பெட்டிக்கு அதே தொட்டி ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் வரும். ஆகவே தேவைக்கு மேல் கொஞ்சம் பெரிதாக வாங்குவது ஊதாரித்தனம் அல்ல. இரண்டாவது, பிஎஃப்சி இல்லாத மலிவுப் பெட்டியில் தொட்டி மட்டம் சுவரைப் பொறுத்தது. 230இல் 325 வோல்ட் வரை நிரம்பும்; 160இல் 226தான். தேங்கும் ஆற்றல் வோல்ட்டின் வர்க்கம் என்பதால் கையிருப்பு பாதிகூட இல்லை. மாலையில் தெருவே விளக்குப் போடும் நேரத்தில், கேம் நடுவில் கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகிறது என்று பையன்கள் புலம்புவதற்கும், கார்டைக் குற்றம் சொல்வதற்கும் பல சமயம் இதுதான் அடியில் இருக்கும் காரணம்.

கார்டும் சும்மா இருப்பதில்லை. சராசரி 170 வாட் என்றால் ஒவ்வொரு கணமும் 170 அல்ல. காட்சி மாறும்போது மில்லிநொடிக்கும் குறைவான நேரத்துக்கு அது எகிறி இறங்கும். 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதி இதற்காகவே, 450 வாட்டுக்கு மேற்பட்ட பெட்டிகள் 100 மைக்ரோநொடிக்கு இரு மடங்குச் சுமையைத் தாங்கவேண்டும் என்கிறது.

“மீ லா பீ!”, கரண்ட் வந்துவிட்டது என்று தெருவே பர்மிய மொழியில் கத்தும் நேரம்தான் பவர் சப்ளைக்கு ஆபத்தான நேரம். ஃபிரிட்ஜ், மோட்டார், ஸ்டெபிலைசர் எல்லாம் ஒன்றாக எழுந்து வோல்ட்டை ஆட்டும். கரண்ட் போனதும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வந்தபின் ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். பேட்டரி இன்வெர்ட்டரில் ஓட்டுபவர்கள் சீரான அலை தரும் ப்யூர் சைன் ரகம் வாங்கவேண்டும். படிக்கட்டு அலை தரும் மலிவு ரகத்தோடு ஆக்டிவ் பிஎஃப்சிக்குச் சில சமயம் ஒத்துப்போவதில்லை, முனகும், அல்லது அணைந்துவிடும். யூபிஎஸ் மேல் 650 விஏ என்று இருந்தால் அது 650 வாட் அல்ல, பெரும்பாலும் 390ஓ அதற்கும் குறைவோதான்.

மாட்டுவது பத்து நிமிட வேலை. பிளக்கைப் பிடுங்கி, பவர் பொத்தானைச் சில நொடி அழுத்தி, பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டுக் கை வையுங்கள். பழைய பவர் சப்ளையைக் கழற்றலாம், திறந்து பார்க்கவேண்டாம். அந்தப் பெரிய கெப்பாசிட்டரில் ஆள்கொல்லி வோல்ட் மிச்சம் இருக்கும். கார்டை ‘கிளிக்’ என்று சத்தம் வரும்வரை அழுத்தி, மானிட்டர் வயரை மதர்போர்டில் விட்டுவிடாமல் கார்டிலேயே செருகுங்கள்.

பிறகு ஒரு கேமை அரை மணி நேரம் ஓடவிட்டு, நான்கு பின் டிஸ்க் வயரில் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 11.4க்கும் 12.6க்கும் இடையில் நின்றால் சரி. சுமை ஏறியதும் 11.4க்குக் கீழே சரிந்தால், பில்லையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு அன்றைக்கே கடைக்குப் போய்விடுங்கள்.