ஃபிராக்மென்ட்: துண்டுக்காடு

காடுகளைப் பற்றிய ஆய்வுகளில் 'ஃபாரஸ்ட் ஃபிராக்மென்ட்' என்ற தொடர் அடிக்கடி வரும். ஒரே காடாக இருந்து, வயலோ எஸ்டேட்டோ சாலையோ குறுக்கே வந்ததால் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும் பகுதி என்று பொருள். 'உடைத்தல்' என்னும் லத்தீன் வினையான ஃபிராங்கெரே இதன் வேர். எலும்பு முறிந்தால் டாக்டர் சொல்லும் ஃபிராக்சரும் அதே வேரில் பிறந்ததுதான்.

ஆகவே தமிழிலும் முன்பு முழுதாக இருந்தது என்ற குறிப்பு வேண்டும். 'சிறுகாடு' அளவை மட்டும் சொல்கிறது. 'தோப்பு' மனிதர் நட்டு வளர்ப்பது. 'எச்சக்காடு' அழகான சொல், ஆனால் அது வெட்டுப்படாமல் எஞ்சியதைக் குறிக்கும். ஃபிராக்மென்டுகளில் வெட்டப்பட்டு மறுபடி வளர்ந்தவையும் உண்டு. துண்டுக்காடு என்பதே சரி. காடு துண்டாடப்படுதல் என்று வினையாகவும் நீட்டிக்கொள்ளலாம்.

'காட்டுத் தீவு' என்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். சூழலியலாளர்கள் மெக்கார்தரும் வில்சனும் 1967-இல் தீவுகளின் உயிரினங்களைப் பற்றி நூலாக வெளியிட்ட கோட்பாட்டை (தீவு சிறிதானால் அதில் வாழும் இனங்களும் குறையும் என்பதை) வைத்துத்தான் துண்டுக்காடுகளையும் நெடுநாள் பார்த்தார்கள். ஆனால் தீவைச் சுற்றிக் கடல். இங்கே சுற்றியிருப்பது நிலம், அதுவும் மாறக்கூடிய நிலம். பிரேசிலில் மனாவுஸ் நகருக்கு வடக்கே, மாட்டுப் பண்ணைகளுக்காக அமேசான் காட்டை அழித்த இடத்தில், அமெரிக்க உயிரியலாளர் தாமஸ் லவ்ஜாய் 1979-இல் ஓர் ஆய்வைத் தொடங்கினார். 1, 10, 100 ஹெக்டேர் அளவுகளில் காட்டை விட்டுவைத்து என்ன ஆகிறதென்று பார்த்தார்கள். படை எறும்புகளைப் பின்தொடர்ந்து, அவை கிளப்பிவிடும் பூச்சிகளைத் தின்னும் பறவைகள் சிறிய துண்டுகளிலிருந்து சீக்கிரமே மறைந்தன. அப்புறம் சில மேய்ச்சல் நிலங்கள் கைவிடப்பட்டு மரம் வளர்ந்ததும், அங்கிருந்த துண்டுகள் சிலவற்றுக்கு அந்தப் பறவைகள் திரும்பி வந்தன. துண்டின் அளவு மாறவில்லை, சுற்றியிருந்த நிலம்தான் மாறியது.

அந்த நிலத்தை ஆய்வாளர்கள் 'மேட்ரிக்ஸ்' என்பார்கள். கணக்குப் பாடத்து 'அணி' இங்கே பொருந்தாது; 'சூழ்நிலம்' என்றால் விளங்கிவிடும்.

வால்பாறையில் துண்டுக்காடு, சூழ்நிலம் இரண்டையும் சேர்த்தே பார்க்கலாம். தேயிலை, காப்பி எஸ்டேட்டுகளுக்கு நடுவே மழைக்காட்டின் துண்டுகள் நிற்கின்றன. புதுத்தோட்டத்துத் துண்டுக்காட்டில் சிங்கவால் குரங்குகள் வாழ்கின்றன. சாலையைக் கடக்கையில் வண்டியில் அடிபடாமலிருக்க, மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டியிருக்கிறார்கள். தேயிலைக்கு நடுவே நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். உள்ளூர்க் காட்டு மரங்களை நிழலுக்கு விட்டுவைத்த காப்பித் தோட்டத்தில் காட்டுப் பறவைகள் கூடுதலாகத் தங்கும். நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு எஸ்டேட்டுகளோடு சேர்ந்து, சீர்கெட்ட துண்டுக்காடுகளில் உள்ளூர் மரக்கன்றுகளை நட்டு வருகிறது; சூழ்நிலத்திலும் அதே மரங்களை நிழலுக்கு வளர்க்கச் சொல்கிறது.