பழைய ஆங்கிலத்தில் ஆப்பிள் என்றால் ஆப்பிள்தானா?

போன மாதம் ஓர் இளம் மொழிபெயர்ப்பாளர் தன் படியை என்னிடம் பார்க்கக் கொடுத்தார். இங்கிலாந்துக் கிராம வாழ்க்கையைப் பற்றி 18ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட நூல். தமிழ் நன்றாகவே ஓடியது. மூன்றாம் பக்கத்தில் ‘அறுவடைக்கு நின்ற மக்காச்சோள வயல்’ என்று வந்தது. பென்சிலால் வட்டம் போட்டேன்.

“அகராதியைப் பார்த்துத்தானே சார் போட்டேன்?” என்றார். பார்த்திருப்பார், அதில் சந்தேகமில்லை. அந்த அகராதி இன்றைய பொருளைச் சொன்னது. மூலத்தில் இருந்த சொல் ‘கார்ன்’. அமெரிக்காவில்தான் அது மக்காச்சோளம். இங்கிலாந்தில் அந்த ஊரில் விளையும் தானியம் எதுவோ அதுதான் கார்ன். பெரும்பாலும் கோதுமை, ஸ்காட்லாந்துப் பக்கம் ஓட்ஸ். 1611இல் வந்த ஆங்கில பைபிளிலும் இயேசுவின் சீடர்கள் ‘கார்ன்’ கதிரைத்தான் கொய்கிறார்கள். மக்காச்சோளமோ 1492க்குப் பிறகுதான் அமெரிக்காவிலிருந்து வெளியே வந்தது. தமிழ் பைபிள் ‘பயிர்’, ‘கதிர்’ என்றே போட்டிருக்கிறது. சரியான தேர்வு.

இந்தத் தொழிலில் எனக்குத் தெரியாத சொல்லால் நான் கெட்டதில்லை. தெரியாததை எப்படியும் தேடிப் பார்த்துவிடுவோம். தெரிந்த சொல்லைத்தான் பார்க்காமல் தாண்டிப் போகிறோம். பழம், செடி, புதர்ப் பெயர்களில் இது அதிகம், ஏனென்றால் அவை சின்ன வயதிலேயே படித்த சொற்கள்.

நானும் தப்பவில்லை. ஒரு பழைய கிறிஸ்துமஸ் கதையில் வந்த ‘பிளம் புட்டிங்’கை ‘பிளம்ஸ் பழம் போட்ட புட்டிங்’ என்று எழுதி, அது அச்சிலும் வந்துவிட்டது. அதில் பிளம்ஸ் பழமே கிடையாது, உலர்ந்த திராட்சைதான். 17ஆம் நூற்றாண்டிலிருந்து சமையலில் உலர்திராட்சையையும் ‘பிளம்’ என்று சொல்லி வந்திருக்கிறார்கள். கேக் செய்யும் வாசகி ஒருவர் எடுத்துச் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. அந்தப் பக்கத்தை இன்று நினைத்தாலும் மனசு உறுத்துகிறது.

‘கரன்ட்’ என்பதும் அப்படியே. முதலில் அது கிரேக்கத்தின் கொரிந்து நகரப் பெயரால் வந்த சின்ன உலர்திராட்சை. 16ஆம் நூற்றாண்டில், வடக்கே வளரும் ஒரு புதரின் புளிப்புக் கனிகளுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. அதனால் ‘கரன்ட் புதர்’ வந்தால் திராட்சைக் கொடி என்று போட்டுவிடாதீர்கள்.

ஆப்பிள்தான் இதில் பெரியது. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் ‘ஆப்பிள்’ என்றால் பொதுவாகப் பழம் என்றும் பொருள். பேரீச்சையை ‘விரல் ஆப்பிள்’ என்றார்கள், வெள்ளரியை ‘மண் ஆப்பிள்’ என்றார்கள். கண்ணின் பாவைக்கும் அதுதான் பெயர். நாம் கண்மணி என்கிற இடத்தில் ஆங்கிலத்தில் இன்றும் ஆப்பிள் நிற்பது அதனால்தான். ‘பைன் ஆப்பிள்’ என்றால் முதலில் பைன் மரத்தின் கூம்புக் காய். 14ஆம் நூற்றாண்டு நூலில் அன்னாசி வரவே முடியாது, அது தென் அமெரிக்கப் பழம்.

நமக்கு இது புதிதுமில்லை. பழைய வைத்தியச் சுவடியில் தக்காளி என்று வந்தால் அது இன்று ரசத்துக்குப் போடும் தக்காளி அல்ல. அந்தப் பெயர் இங்கேயே இருந்த வேறு செடிகளுடையது; மணத்தக்காளியில் இன்னும் மிச்சமிருக்கிறது. கடல் தாண்டி வந்த பழத்தைச் சீமைத்தக்காளி என்றோம், அப்புறம் ‘சீமை’ உதிர்ந்துவிட்டது.

அதனால் அகராதியைத் திறக்கும் முன் நூலின் ஆண்டைப் பாருங்கள். ஆக்ஸ்ஃபோர்டு பெரிய அகராதி, 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வந்தது, ஒவ்வொரு பொருளும் எந்த ஆண்டிலிருந்து வழங்குகிறது என்று மேற்கோளோடு காட்டும். பல கல்லூரி நூலகங்களில் இருக்கிறது. சின்ன அகராதி அவசரத்துக்கு மட்டும்.

புதர்ப் பெயர்களில் ‘புரூம்’ என்ற ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது முதலில் மெல்லிய குச்சிகளாக வளரும் செடியின் பெயர். அந்தக் குச்சியைக் கட்டிப் பெருக்கியதால் துடைப்பத்துக்கும் அதே பெயர் வந்தது. நம் விளக்குமாறும் இதே வழிதான், பருத்திமாறு என்கிறோமே, அந்த மாறு. பைபிளில் வரும் தீர்க்கதரிசி எலியா, சாகலாம் என்று சோர்ந்து உட்கார்ந்த இடத்தை 1611 பைபிள் ‘ஜூனிபர் மரம்’ என்றது. பிந்தைய ஆங்கில பைபிள்கள் ‘புரூம்’ என்று திருத்தின. தமிழில் அது சூரைச்செடி. சூரை நம் ஊர் முட்புதர், அதே செடி அல்ல. ஆனாலும் நிழலே சரியாக விழாத ஒரு புதரடியில் அவர் உட்கார்ந்திருந்தார் என்பது நமக்குப் பிடிபடுகிறது. எனக்கு அந்தத் தேர்வு மிகவும் பிடிக்கும்.

அந்த மொழிபெயர்ப்பாளர் தம்பியின் படியிலும் ஓரிடத்தில் குன்றெல்லாம் ‘புரூம்’ இருந்தது. துடைப்பம் என்று போட மனம் வராமல் கோடு போட்டு விட்டிருந்தார். இருவரும் பேசி ‘மஞ்சளாகப் பூத்த புரூம் புதர்’ என்று எழுதினோம். மூன்றாம் பக்கத்தை அவரே கோதுமை வயலாக்கினார்.