நீரோட்டம் என்று எதுவும் ஓடவில்லை

போன மாதம் குடியாத்தம் பக்கத்து விவசாயி ஒருவர் தன் நிலத்தைப் பார்க்க அழைத்துப் போனார். இரண்டரை ஏக்கரில் ஐந்து போர்வெல். கடைசியாகப் போட்டது 1,150 அடி, வந்தது வெறும் புகை. வீட்டம்மாவின் நகை அடகுக் கடையில் இருக்கிறது. "ஆறாவதுக்கு ஒரு பாயின்ட் பாத்துச் சொல்லுங்க சார், இன்னும் 200 அடி போனா கங்கையே வரும்னு சொல்றாங்க" என்றார். யார் சொன்னது? தேங்காய் வைத்து நீரோட்டம் பார்த்தவராம். ரிக் வண்டிக்காரரும் ஆமாம் என்றாராம். அடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர் வேறென்ன சொல்வார்?

நிலத்தடி நீர் வேலையில் எனக்கு இருபத்தெட்டு வருடம் ஓடிவிட்டது. ஆரம்பத்தில் மாதாமாதம் கண்காணிப்புக் கிணறுகளில் எஃகு டேப்பை இறக்கி அளப்பேன். டேப் நுனியில் சாக்பீஸ் தேய்த்துவிட்டால் நனைந்த அளவு பளிச்சென்று தெரியும். அப்புறம் எத்தனையோ கருவிகள் வந்துவிட்டன. இந்த 'நீரோட்டம்' என்ற சொல்லை மட்டும் ஒழிக்க முடியவில்லை.

அந்தச் சொல்தான் ஆளைக் கெடுக்கிறது. கேட்டவுடன் பூமிக்குள் ஒரு ஆறு சலசலவென்று ஓடுவதாக நினைப்பு வந்துவிடும். ஆறு இருந்தால் குழாயை இறக்க வேண்டியதுதானே? எட்டவில்லையா, இன்னும் ஆழம் போ! நம் வட ஆர்க்காட்டுப் பூமியின் பெரும்பகுதி கருங்கல். கிரானைட், நைஸ், சார்னோகைட் என்று நாங்கள் பெயர் வைத்தாலும் அம்மிக்கல்லுக்குள் ஆறு ஓடாது. தண்ணீர் இருப்பது மேலே மக்கிப்போன பாறையில். அதற்குக் கீழே அங்கங்கே விரிசல்களில். ஆழம் போகப் போக மேலே உள்ள பாரத்தில் விரிசல்கள் இறுகி, எண்ணிக்கையும் குறையும். 800 அடியில் தண்ணீர் கண்டவர் இருக்கிறார், இல்லை என்று சொல்லவில்லை. அவர் கதைதான் டீக்கடையில் ஓடும். தோற்றவர்கள் வாய் திறப்பதில்லை. அப்படிக் கிடைத்த ஆழத்துத் தண்ணீரும் சேர நெடுங்காலம் ஆகும், மோட்டார் போட்டால் சில கோடையில் தீர்ந்துவிடும். பேங்கில் போடாமல் எடுத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? அதேதான்.

பூமிக்குள் மின்சாரம் விட்டு அது எவ்வளவு தடைபடுகிறது என்று அளக்கும் எங்கள் மின்தடைக் கருவி, பாறை எங்கே மக்கியிருக்கிறது, எங்கே விரிசல் இருக்கலாம் என்று ஓரளவு காட்டும். இத்தனை இஞ்ச் தண்ணீர் என்று அது சொல்லாது. அப்படி எழுதிக் கொடுக்கும் என் சக தொழில்காரர்களுக்கும் தேங்காய்க்காரருக்கும் ஃபீஸில் மட்டும்தான் வித்தியாசம்.

கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் ஆறு உண்மையிலேயே ஒன்று இருந்தது. பாலாறு. தமிழ்நாட்டில் மட்டும் 222 கிலோமீட்டர். வருடத்தில் பல மாதம் மேலே மணல்தான், தண்ணீர் மணலுக்கு அடியில் நகர்ந்துகொண்டிருக்கும். நம் ஆட்கள் அந்த மணலில் ஊற்றுக்கால், அதாவது ஊறும் நீரைக் கொண்டுபோகும் கால்வாய், வெட்டியே வயலுக்குப் பாய்ச்சினார்கள். அந்த மணலை லாரி லாரியாக அள்ளிவிட்டு, 1,000 அடியில் கங்கையைத் தேடுகிறோம். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியபோது, கரையோரத் திறந்த கிணறுகள் சில நாட்களிலேயே ஏறியதைப் பார்த்தேன். மேலே கொடுத்தால் மேலேதான் கிடைக்கும்.

நம் விவசாயியின் நிலத்துக்கு மேலே ஊர் ஏரி இருக்கிறது. காய்ந்து கிடக்கிறது. மழை இல்லாமல் அல்ல, வரத்துக் கால்வாய் மேல் மனை போட்டுவிட்டார்கள். வருடத்தில் நாலு மாதம் நனைந்தாலே போதும், ஏரி ஏரிதான். மனை வாங்கும்முன் வரைபடத்தில் வாய்க்கால் புறம்போக்கு ஓடுகிறதா என்று பாருங்கள். புரோக்கர் சொல்ல மாட்டார்.

அவரிடம் அறுபது அடியில் பழைய கிணறும் ஒன்று உண்டு, குப்பைத் தொட்டியாக. அதைக் கண்டதும்தான் எனக்குக் கோபம் வந்தது. கிணற்றை மூடாதீர்கள், தயவு செய்து. 1,000 சதுர அடி மொட்டை மாடியில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 9,000 லிட்டருக்கு மேல். ஜல்லியும் மணலும் போட்ட தொட்டி வழியாக அதைக் கிணற்றுக்கு விடுங்கள். சாக்கடையை விடாதீர்கள், ஏற்கெனவே விட்டிருந்தால் இன்றே நிறுத்துங்கள். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் இருப்பவர்கள் பரிசோதிக்காமல் கிணற்று நீரைக் குடிக்காதீர்கள். தோல் பதனிடும் ஆலைக் கழிவின் உப்பும் குரோமியமும் பற்றி 1996-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பு எழுதியாயிற்று. தண்ணீர் தெளிவாக இருக்கிறதே என்று என்னிடம் வாதாட வேண்டாம். வேலூர் பக்கத்து நாகநதிப் படுகையில் பெண்கள் நூறு நாள் வேலையில் உறை இறக்கி, மழைநீரை நிலத்துக்குள் விடும் நீர்செறிவுக் கிணறுகள் கட்டினார்கள், உங்கள் ஊராட்சியிலும் கேளுங்கள்.

வற்றிய போரை மூடி போட்டு இறுக்குங்கள். சாக்கு கட்டிக் கல் வைப்பது மூடி அல்ல. குழந்தைகள் ஓடும் இடம்.

குடியாத்தத்துக்காரர் நேற்று போன் செய்தார். கிணற்றிலிருந்து இரண்டு டிராக்டர் குப்பை எடுத்தாயிற்றாம், அடியில் ஈரம் தெரிகிறதாம். போனை வைக்கும்முன் அந்த ஆறாவது பாயின்ட்டையும் கேட்டார்.