மானிப்பாய் டாக்டர் கிரீனும், நோயாளிக்குப் புரியும் மருத்துவமும்

மருத்துவம் படிப்பவர்களுக்கு கிரேயின் உடற்கூறு நூல் (Gray's Anatomy) நன்கு தெரிந்த பெயர். லண்டனில் 1858-இல் வெளிவந்த அந்த நூல், 1872-இலேயே 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் தமிழில் வந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் அதைச் சாத்தியமாக்கிய டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீனைப் பற்றி, இன்றைய மருத்துவ மாணவர்கள் பெரும்பாலும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். எனக்கு அது பெரிய வருத்தம்.

கிரீன் 1822-இல் அமெரிக்காவில், மாசசூசெட்ஸின் வூஸ்டர் நகரில் பிறந்தவர். நியூயார்க்கில் மருத்துவம் படித்துவிட்டு, அமெரிக்க மிஷன் என்ற கிறிஸ்தவ மதப்பணி அமைப்பு மூலம் 1847-இல் யாழ்ப்பாணம் வந்தார். அவருக்கு முன்பே, 1820-இல், பண்டத்தரிப்பில் ஜான் ஸ்கடர் மருத்துவப் பணியைத் தொடங்கியிருந்தார் (வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடரின் தாத்தா இவர்தான்). கிரீன் 1848-இல் யாழ்ப்பாணத்துக்கு அருகிலுள்ள மானிப்பாய்க்கு மாறினார். நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவம் சொல்லிக் கொடுத்தார். மதப் பணியும் அவருடைய நோக்கம்தான், அதை அவர் மறைத்ததில்லை.

முதலில் பாடமெல்லாம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. படித்து முடித்தவர்கள் அரசு வேலை, சம்பளம் என்று ஊரைவிட்டுப் போனார்கள். கிராமத்தில் காய்ச்சலும் பேதியும் வந்தவர்களுக்கு டாக்டர் கிடைக்கவில்லை. டாக்டர் ஊரிலேயே தங்க வேண்டுமென்றால் அவர் தமிழில் படித்தவராக இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு கிரீன் வந்தார். 1857-இல் அமெரிக்காவுக்குப் போய் 1862-இல் திரும்பியவர், 1864-இல் தமிழ்வழிக் கல்வியைத் தொடங்கினார். அவரிடம் பயின்றவர்கள் 60-க்கும் மேல். அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் தமிழிலேயே படித்து டாக்டரானவர்கள்.

சரி, பாடப்புத்தகத்துக்கு எங்கே போவது? அவரும் மாணவர்களும் சேர்ந்தே உருவாக்கினார்கள். அறுவை சிகிச்சைக்கு 'இரண வைத்தியம்', வேதியியலுக்கு 'கெமிஸ்தம்', உடலியங்கியலுக்கு 'மனுஷ சுகரணம்' என்று 4,000 பக்கங்களுக்கு மேல் தமிழில் சேர்ந்தது. 1873-இல் அமெரிக்கா திரும்பிய பிறகும் அவர் வேலையை விடவில்லை. 1884-இல் இறக்கும்வரை தமிழ் மருத்துவ நூல்களோடுதான் இருந்தார்.

பொது மருத்துவம் பார்க்கும் நான் இதை இங்கே எழுதக் காரணம் இருக்கிறது. அன்று நூலே இல்லாமல் தமிழில் மருத்துவம் சொல்லிக் கொடுத்தார்கள். இன்று தமிழ் பேசும் டாக்டர், தமிழ் பேசும் நோயாளிக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டு பாதியை ஆங்கிலத்தில் சொல்லி அனுப்புகிறார். நோயாளியும் தலையாட்டிவிட்டுப் போகிறார். அதன் விளைவை நான் அடிக்கடி பார்க்கிறேன். பிரஷர் நார்மல் என்றதும் குணமாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். மாத்திரை சாப்பிடுவதால்தான் அது நார்மலாக இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. காசநோயிலும் இதே கதைதான். வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். இரண்டாவது மாதத்திலேயே இருமல் அடங்கி, உடம்பு தேறிவிடும். அப்போது மருந்தை விட்டால் நோய் திரும்ப வரலாம், கிருமி மருந்துக்கு அடங்காததாகவும் மாறிவிடலாம். இதை விளக்க இரண்டு நிமிடம் போதும், ஆனால் அவருக்குப் புரிகிற தமிழில் சொல்ல வேண்டும்.

எம்.பி.பி.எஸ். முழுவதையும் நாளைக்கே தமிழுக்கு மாற்றச் சொல்லவில்லை. ஒரு நோயை அதை அனுபவிப்பவருக்கு அவர் மொழியில் விளக்கத் தெரிகிறதா என்று தேர்விலேயே பார்க்க வேண்டும். அதற்கு மதிப்பெண்ணும் வேண்டும்.

நோயாளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். எழுந்து வருவதற்கு முன் டாக்டரிடம் கேளுங்கள்: எனக்கு என்ன நோய், இந்த மாத்திரை எதற்கு, எத்தனை நாளைக்கு, என்ன ஆனால் உடனே திரும்பி வர வேண்டும்? அப்புறம், புரிந்துகொண்டதை உங்கள் வார்த்தையில் அவரிடமே திருப்பிச் சொல்லிப் பாருங்கள். தவறாக இருந்தால் அங்கேயே திருத்திவிடலாம். அம்மா அப்பாவைக் கூட்டிவருகிறவர்கள், டாக்டர் உங்களிடம் ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தால், "அவங்களுக்கே தமிழ்ல சொல்லிடுங்க டாக்டர்" என்று தயங்காமல் கேளுங்கள்.