மோட்: திருத்தம் அல்ல, ஒட்டு

என் அக்காள் மகனுக்குப் பதினாறு வயது. இங்கே மொரீஷியஸில், ரோஸ் ஹில்லில் ஒரு மாலை வகுப்பில் தமிழ் படிக்கிறான். போன மாதம் அங்கே கணினிச் சொற்கள் என்று ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். அதில் ஒரு வரி: 'மோட் – திருத்தம்'. அன்று இரவு அவன் ஸ்கைரிம் என்ற கணினி விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தான். மலை உச்சியிலிருந்து டிராகன் இறங்க வேண்டிய இடத்தில், புகை விட்டுக்கொண்டு, ஊதல் அடித்துக்கொண்டு, குழந்தைகள் தொடரில் வரும் தாமஸ் என்ற அந்த நீல நிற ரயில் எஞ்சின் பறந்து வந்தது. டிராகனுக்குப் பதில் எஞ்சின் வரும்படி 2013இல் ஒரு குறும்புக்காரர் செய்து வைத்த மோட் அது. இன்னும் ஆட்கள் அதைப் போட்டுச் சிரிக்கிறார்கள். "மாமா, இது திருத்தம் என்றால் டிராகனில் என்ன தப்பு இருந்தது?" என்று கேட்டான்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இந்தத் 'திருத்தம்' என் கண்ணில் படுவது இது முதல் தடவையும் இல்லை. கைப்பேசி மொழிபெயர்ப்பில் பார்த்தேன். காணொளித் தலைப்புகளில் பார்த்தேன். இங்கே ஒரு பேச்சுப் போட்டியில் ஒரு பெண் 'விளையாட்டுத் திருத்தங்கள்' என்று மேடையில் முழங்கியதையும் கேட்டேன். அப்போதெல்லாம் சும்மா இருந்தேன். இப்போது பாடத்தாளில் ஏறிவிட்டது. அங்கே ஏறிய சொல் லேசில் இறங்காது.

பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மோட் என்பது மாடிஃபிகேஷன் என்ற ஆங்கிலச் சொல்லின் தலைப்பகுதி. வேர் லத்தீன்: மோதுஸ் என்றால் அளவு, அதோடு செய்தல் என்னும் வினை சேர்ந்தது. அளவுக்கு உட்படுத்துவது என்பதே ஆதிப்பொருள். இருநூறு மோட் போட்டு வைத்திருக்கும் என் மருமகனிடம் இதைச் சொன்னால் சிரிப்பான். மாடல், மாடர்ன் எல்லாம் அதே வீட்டுப் பிள்ளைகள். இன்றைய பொருள், ஓர் ஆட்டத்துக்கு அதை ஆடுகிறவர்களே செய்து சேர்ப்பது. அது ஒரு புது வாளாக இருக்கலாம், மழைக்கு வேறு ஓசையாக இருக்கலாம். 2013இல் பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர் ஃபால்ஸ்கார் என்று ஒரு தனி நிலப்பரப்பையே, ஊரும் ஆட்களும் கதையுமாக, ஸ்கைரிமுக்குச் செய்து சேர்த்தார். அதுவும் மோட்தான்.

அப்படியே 'மோட்' என்று எழுதிவிட்டுப் போனால் என்ன? நானே இங்கே அப்படித்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆனால் கிரியோல் பேசும் நாங்கள் பிரெஞ்சு வாயால் 'மோட்' என்கிறோம்: 'மோ பே மெத் என் மோட்', நான் ஒரு மோட் போடுகிறேன். தமிழ்நாட்டில் அதையே 'மாட்' என்கிறார்கள். 'நேத்து ராத்திரி அஞ்சு மாட் இறக்கினேன்' என்று ஒரு காணொளியில் கேட்ட என் அம்மா, "எந்தக் கப்பலில்?" என்றார். சரி, மோட் என்றே வைத்துக்கொள்வோம் என்றால், ஈஸி மோட், ஹார்ட் மோட், சைலன்ட் மோட் என்று வேறொரு மோட் தமிழில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. 'ஹார்ட் மோட் மோட்' என்று ஒரு தலைப்பையே பார்த்திருக்கிறேன். ஆகத் தமிழ்ச் சொல் வேண்டும் என்பதில் எனக்கும் அந்தத் தாளைத் தயாரித்தவருக்கும் சண்டை இல்லை. எந்தச் சொல் என்பதில்தான்.

திருத்தம் என்றால் முன்பு பிழை இருந்தது என்று பொருள். தாள் திருத்துகிறோம், அச்சுப்பிழை திருத்துகிறோம், பையன் திருந்திவிட்டான் என்கிறோம். டிராகனை எடுத்துவிட்டு எஞ்சினை வைத்தவர் எந்தப் பிழையையும் பார்க்கவில்லை. அவருக்குச் சிரிக்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் ஊர்க் காத்தோ பிமா பருப்பு வடைக்குப் பிறந்த பிள்ளை என்பது தின்ற எவருக்கும் தெரியும். அதை வடையின் திருத்தம் என்று சொல்லிப் பாருங்கள், பாட்டி கரண்டியோடு வருவாள்.

இந்த இடத்தில் நான் மதிக்கும் தமிழாசிரியர் ஒருவர் என்னை மடக்கினார். "திருத்துவது என்றால் பிழை நீக்குவது மட்டுமா ஐயா? காடு திருத்திக் கழனி ஆக்குவது இல்லையா? கரும்புக் காட்டுக்கு நடுவே இன்றும் குவியல் குவியலாக நிற்கும் கற்கள், இந்தத் தீவில் நிலம் திருத்தியவர்கள் பொறுக்கிப் போட்டவைதானே?" என்றார். நல்ல வாதம். இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் கழனி ஆனபின் அங்கே காடு இல்லை. மோட் போட்ட ஆட்டத்தில் காடு அப்படியே இருக்கிறது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இந்தச் சொல்லைப் பரப்புகிறவர்களில் பாதிப்பேர் ஒரு மோட் கூடப் போட்டுப் பார்த்ததில்லை என்பது என் சந்தேகம். ஸ்கைரிம் 2011 நவம்பரில் வந்தது. அடுத்த பிப்ரவரியில், அதைச் செய்த பெதெஸ்டா நிறுவனம் கிரியேஷன் கிட் என்ற கருவியை இலவசமாக எல்லோர் கையிலும் கொடுத்தது. 2002இல் மோரோவிண்ட் வந்தபோதே கணினிப் பதிப்போடு இப்படி ஒரு கருவி இருந்தது. அந்தக் கருவியில் ஒரு கடைக்காரரின் சட்டையை நீங்கள் மாற்றினால், ஆட்டத்தின் மூலக்கோப்பில் ஓர் எழுத்தும் மாறாது. நீங்கள் செய்தது மட்டும் தனியாக ஒரு சின்னக் கோப்பில் விழும். ஆட்டம் தொடங்கும்போது மூலத்தைப் படித்துவிட்டு, அதன் மேல் உங்கள் கோப்பைப் படித்துக்கொள்ளும். இரண்டு மோட் ஒரே கடைக்காரரைத் தொட்டால், வரிசையில் பின்னால் நிற்பது வெல்லும். அதனால்தான் இந்தப் பிள்ளைகள் வரிசை வரிசை என்று உயிரை விடுகிறார்கள். (வரிசை எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 1998இல் புது ரூபாய் நோட்டில் தமிழைக் கீழே தள்ளி இந்தியை மேலே ஏற்றி அச்சிட்டு, தமிழர்கள் கொதித்து, நோட்டுகளையே திரும்பப் பெற்ற நாடு இது.) மோட் ஆர்கனைசர் போன்ற கருவிகள் இன்னும் ஒரு படி மேலே போகும். ஆட்டத்தின் கோப்புறைக்குள் எதையும் வைக்காமலே, வைத்தது மாதிரி ஆட்டத்தை நம்பவைத்துவிடும். பட்டியலில் ஒரு குறியை எடுத்துவிட்டுப் புது ஆட்டம் தொடங்கினால் பழைய கடைக்காரர் பழைய சட்டையோடு நிற்பார். இதைப் போய்த் திருத்தம் என்றால் எப்படி?

சட்டத் திருத்தம் என்கிறோமே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டம் திருத்தப்பட்டால் ஊருக்கெல்லாம் திருத்தப்பட்டது. என் மருமகன் போட்ட எஞ்சின் அவன் கணினியில் மட்டும்தான் பறக்கிறது. பக்கத்து வீட்டில் டிராகன் டிராகனாகவே இருக்கிறது.

போதாக்குறைக்கு, திருத்தம் என்ற சொல்லுக்கு இதே துறையில் வேறு வேலை இருக்கிறது. கதவு திறக்கவில்லை, உரையாடல் பாதியில் நின்றுபோகிறது என்று வந்த புகார்களைச் சரிசெய்து வெளியிடுகிறார்களே, அந்தப் பேட்ச்தான் திருத்தம். நிறுவனம் விட்டுவைத்த பிழைகளை ரசிகர்களே கூடிக் களைந்த 'அதிகாரபூர்வமற்ற பேட்ச்' ஒன்றும் ஸ்கைரிமுக்கு உண்டு. அது மோட்தான், ஆனால் திருத்துகிற மோட். அந்தத் தாளின் தமிழில் அதை எழுதினால் 'அதிகாரபூர்வமற்ற திருத்தத் திருத்தம்' என்று வரும். வாழ்க.

சரி, வேறு சொற்கள்? மாற்றம் என்கிறார்கள் சிலர். தட்பவெப்ப மாற்றம், ஆட்சி மாற்றம், பணி மாற்றம் என்று ஏற்கெனவே ஊரெல்லாம் வேலை பார்க்கும் சொல் அது; 'மாற்றம் போட்டேன்' என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது. 'திரிபு' என்று ஒரு நண்பர் சொன்னார். புணர்ச்சியில் தோன்றல், திரிதல், கெடுதல் என்று மூன்று படிக்கிறோம் அல்லவா? மோட் செய்வதும் அதே மூன்றுதான்: புதிதாக ஒன்றைத் தோன்றவைக்கும், இருப்பதைத் திரிக்கும், வேண்டாததைக் கெடுக்கும். இலக்கணப்படி அழகாகப் பொருந்துகிறது. ஆனால் வகுப்புக்கு வெளியே திரிந்தது என்றால் பால்தான் நினைவுக்கு வரும்.

'செருகல்' எனக்குப் பிடித்திருந்தது. கம்பனுக்குள் பின்னால் வந்தவர்கள் நுழைத்த பாடல்களை இடைச்செருகல் என்கிறோம். பதிப்பாளர்கள் அவற்றை மிகைப்பாடல்கள் என்று பிரித்துக் கடைசியில் போடுகிறார்கள். அதுவும் ஒரு மோட் பட்டியல்தான். ஆனால் செருகியவர் தன் பெயரை மறைத்து, கம்பன் சொன்னதுபோல் காட்டிவிட்டுப் போனார். மோட் செய்கிறவர் தன் பெயரை முதல் வரியில் போடுகிறார், பிறர் செய்ததை எடுத்துக்கொண்டால் அவர் பெயரையும் போடுகிறார். போடாவிட்டால் கிழித்துவிடுவார்கள்.

இன்னும் மேலே போய் 'வழிநூல்' வரைக்கும் யோசித்தேன். முன்னோர் நூலின் முடிவோடு ஒத்துப்போய், பின்வருபவர் தாம் வேண்டும் வேறுபாட்டைச் சொல்வது வழிநூல் என்கிறது நன்னூல். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் பவணந்தி எழுதியது, ஏதோ மோட் போட்டுப் பார்த்தவர் எழுதியதுபோல் இருக்கிறது. ஜெர்மனியில் ஒரு குழு ஸ்கைரிமின் எலும்பை மட்டும் வைத்துக்கொண்டு, வேறு உலகம் வேறு கதை என்று 2016இல் எண்டெரல் என்ற ஒன்றைச் செய்தார்கள். அதை வழிநூல் என்றால் தகும். சட்டை நிறம் மாற்றுவதை வழிநூல் என்றால் பவணந்தி மன்னிக்க மாட்டார்.

இப்படிச் சுற்றிச் சுற்றிக் கடைசியில் சொல் கிடைத்த இடம் எங்கள் வீட்டுக் கொல்லை. தாத்தா காலத்து மாமரம் ஒன்று அங்கே நிற்கிறது. அடிமரம் ஏதோ நாட்டு மாமரம், நார் நாராகக் காய்க்கும் ஜாதி. அதன் மேல் தாத்தா மேசோன் ரூஜ் என்ற மா வகையின் கிளை ஒன்றை ஒட்டுக் கட்டினார். வேர் அதனுடையது, பழம் இதனுடையது. ஒட்டுக்குக் கீழே அடிமரத்திலிருந்து ஒரு துளிர் வந்தால் அது நாட்டு மா துளிராகத்தான் வரும், ஏனென்றால் அடிமரத்தை யாரும் திருத்தவில்லை. ஒட்டுமரம், ஒட்டுமாம்பழம், ஒட்டுக் கட்டுதல் என்று தமிழில் எல்லாம் தயாராகவே இருக்கிறது. மோட் என்றால் ஒட்டு.

இது வெறும் உவமைப் பொருத்தம் இல்லை. ஒட்டுக்கு உள்ள நோவுகளும் மோட்டுக்கு உண்டு. மாவில் மா ஒட்டும், லிச்சியில் ஒட்டாது. 2011 ஸ்கைரிமுக்குச் செய்தவை 2016 அக்டோபரில் வந்த சிறப்புப் பதிப்பில் அப்படியே ஒட்டவில்லை. பழையது 32 பிட், புதியது 64 பிட். பலவற்றை மறுபடி பதப்படுத்த வேண்டியிருந்தது, சிலவற்றை அடியிலிருந்தே திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. ஒரு மரம் எத்தனை ஒட்டைத் தாங்கும் என்பதற்கும் கணக்கு உண்டு. ஸ்கைரிமில் முழு அளவுக் கோப்புகள், மூலத்தையும் சேர்த்து, 255க்கு மேல் ஏறாது. அப்புறம் தழும்பு. பாதி ஆட்டத்தில் ஒரு மோட்டைப் பிடுங்கினால், அதன் நிரல்துண்டுகள் சேமித்த ஆட்டத்துக்குள் ஒட்டிக்கொண்டு கிடந்து, என்றைக்கோ ஒருநாள் ஆட்டத்தை உறையவைக்கலாம். போன புயலில் மூன்றாம் எச்சரிக்கை வந்து எல்லோரும் வீட்டில் அடைந்து கிடந்த நாளில், என் மருமகன் பொழுது போகாமல் நாற்பது மோட்டைப் பிடுங்கினான். அறுபது மணி நேர ஆட்டம் போயிற்று. மின்சாரம் அதற்குப் பிறகுதான் போனது.

ஒட்டு என்றால் கிழிந்த சட்டையில் போடும் ஒட்டும்தானே, அது பேட்ச் ஆகிவிடாதா என்பார்கள். ஆகலாம். பேட்சுக்குத் திருத்தம் என்ற நல்ல சொல் சும்மாத்தானே இருக்கிறது, அதைக் கொடுத்துவிடுங்கள். ஒட்டுண்ணி நினைவு வருகிறது என்றார் இன்னொருவர். எனக்கு மாம்பழ நினைவுதான் வருகிறது.

உண்மையில் என் கோபம் ஒரு சொல்லோடு நிற்கவில்லை. அதே தாளில் மோட் வரிசைக்கு, அதாவது ஆங்கிலத்தில் லோட் ஆர்டர் என்பதற்கு, 'சுமை வரிசை' என்று இருந்தது. ஏற்றுவதைச் சுமையாக்கிவிட்டார்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் வரிசையில் நிற்பதுபோல் இருக்கிறது. 'ஏற்று வரிசை' என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்? ரோல் பிளேயிங் கேம் என்னும் இந்த வகை ஆட்டத்துக்கே 'பங்கு வகிக்கும் விளையாட்டு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பங்குச் சந்தை ஆட்டமோ என்று தோன்றுகிறது. கூத்தில் வேடம் கட்டுகிறோம், மாறுவேடப் போட்டி நடத்துகிறோம், அப்படியிருக்க 'வேடமேற்கும் ஆட்டம்' என்று ஏன் கை வரவில்லை? ஆங்கிலத்தை ஒரு பக்கம், அகராதியை மறுபக்கம் வைத்துக்கொண்டு, முதலில் கிடைக்கும் சொல்லைப் பிடித்துப் போடுகிறார்கள். அந்தப் பொருளை ஒரு தடவை கையில் எடுத்துப் பார்ப்பதே இல்லை. தமிழ்நாட்டில் இருந்தால் தவறான சொல்லைத் தெருப்பேச்சு தானே துப்பிவிடும். இங்கே தெருவில் கிரியோல்தான் ஓடுகிறது. பிள்ளைகளுக்குத் தமிழ் என்பது பெரும்பாலும் அந்தத் தாளில் இருப்பதுதான். அதில் பிழை இருந்தால் பிழையையே மனப்பாடம் செய்கிறார்கள்.

மருமகன் இப்போது 'மோ ஃபின் மெத் என் ஒட்டு' என்கிறான். ஒட்டு கிரியோலில் போய் ஒட்டிக்கொண்டது, நான் கேட்டது அதுவல்ல, இருந்தாலும் பரவாயில்லை. மோட் செய்கிறவரை என்ன சொல்வது என்று கேட்டான். ஒட்டுநர் என்றேன். எழுதிப் பார்த்துவிட்டு, "பஸ் ஓட்டுகிறவரா?" என்றான். ஒட்டுக்காரர் என்று மாற்றிக்கொண்டோம்.