உழுவதற்கு எவ்வளவு நிலம் இருக்கிறது?

மண் பரிசோதனைக்கு வருகிறவர்கள் பேச்சுவாக்கில் சொல்வதுண்டு: "நிலத்துக்கா சார் பஞ்சம்? எவ்வளவு சும்மா கிடக்குது!" கிடப்பதெல்லாம் விளையும் நிலம் இல்லை. அண்டார்டிகாவை விட்டுவிட்டால் உலக நிலப்பரப்பு சுமார் 1,300 கோடி ஹெக்டேர். விவசாயத்துக்குப் பயன்படுவது 480 கோடி. அதிலும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மேய்ச்சல் தரை. பயிர் நிற்பது 160 கோடி ஹெக்டேருக்குள்தான். 1961-ல் உலகில் ஆளுக்கு ஒரு ஏக்கருக்குச் சற்று மேல் சாகுபடி நிலம் இருந்தது. இப்போது அரை ஏக்கரை ஒட்டித்தான் தேறும்.

புதிதாகச் சேர்க்க முடியாதா என்றால், பிரேசில் சேர்த்தது. செராடோ என்ற புல்வெளிப் பகுதியின் அமில மண்ணைச் சுண்ணாம்பும் பாஸ்பேட்டும் போட்டுத் திருத்தி, சோயா விளைவித்தார்கள். பெரிய சாதனைதான். ஆனால் அங்கிருந்த இயற்கைத் தாவரப் பரப்பில் ஏறத்தாழப் பாதி போய்விட்டது.

தமிழ்நாட்டில் 1970-களின் தொடக்கத்தில் 60 லட்சம் ஹெக்டேருக்கு மேல் இருந்த நிகர சாகுபடிப் பரப்பு, இன்று 50 லட்சத்துக்கும் கீழே. மனைக்கல் நட்ட வயல் எல்லோர் கண்ணிலும் படும். செங்கல் சூளைக்கு மண் விற்ற வயலோ, பட்டாவில் நஞ்சையாகவே இருக்கும். என் கவலையெல்லாம் அதைப் பற்றித்தான்.

வாய்க்கால் தண்ணீர் ஏறாத மேட்டு வயலை இறக்குகிறோம் என்று மண்ணைக் கொடுக்கிறார்கள். காரணம் நியாயமானதே. ஆனால் லாரியில் முதலில் ஏறுவது மேல் அரை அடி மண். கரிமச்சத்தும் நுண்ணுயிரும் பெரும்பாலும் அதில்தான். நல்ல மேல்மண் கையில் பொலபொலவென்று உதிரும்; அடியிலுள்ள களிமண் ஈரத்தில் ஒட்டும், காய்ந்தால் பாளமாக வெடிக்கும். கரிமம் 0.5 சதவீதத்துக்குக் கீழே போனாலே பரிசோதனை அறிக்கையில் குறைவு என்று எழுதுவோம். ஓர் அங்குல மேல்மண் தானாக உருவாக நூற்றாண்டுகள் ஆகும்.

வயலை இறக்கியே ஆக வேண்டுமென்றால், மேல் அரை அடியை முதலில் வாரி வரப்போரம் குவித்துவிட்டு, அடிமண்ணை எடுங்கள். பிறகு குவித்ததைப் பரப்புங்கள். ஜேசிபிக்காரர் இரட்டை வேலை என்று கூடுதல் வாடகை கேட்பார், கொடுத்துவிடுங்கள். ஏற்கெனவே மண் போன வயலில் பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழுங்கள். கோடையில் ஏரி வற்றும்போது முறைப்படி அனுமதி வாங்கி வண்டல் அடிக்கலாம். அடிப்பதற்கு முன் அந்த வண்டலில் அரைக் கிலோ பரிசோதனைக்குக் கொண்டுவாருங்கள். உப்பு ஏறிய வண்டலாக இருந்தால் அந்த ஏரியைத் தவிர்த்துவிடலாம்.