பின்பல்லை முதலில் பாருங்கள்

டேபிள் சா, அதாவது மேசை நடுவே வட்ட பிளேடு சுற்றும் ரம்ப மிஷினில், தேக்குப் பலகையை நீளவாட்டில் அறுத்தால் ஒரு துண்டின் ஓரம் சுத்தமாகவும் அடுத்ததன் ஓரம் கருகியும் வருகிறதா? உடனே பிளேடைக் கழற்றிச் சாணைக்குக் கொடுத்துவிட வேண்டாம். பிளேடு மழுங்கியிருந்தால் பெரும்பாலும் வெட்டின் இரண்டு பக்கமும் கருகும். ஒரு பக்கம் மட்டும் கருகுவது வேறு கோளாறு. பிளேடும், பலகை நகரும் பாதையும் இணையாக இல்லை என்று அர்த்தம். பொள்ளாச்சி முதல் கோபி வரை எத்தனையோ மரப்பட்டறைகளில் நல்ல பிளேடு வீணாகத் தேய்க்கப்படுவதற்கு இதுதான் காரணம்.

டேபிள் சா மிஷினில் பிளேடின் முன்பாதி, அதாவது நாம் நிற்கும் பக்கம், மேலிருந்து கீழே இறங்குகிறது. அந்தப் பற்கள் மரத்தை மேசையோடு அழுத்தி அறுக்கின்றன. அறுக்கும் வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது. பின்பாதிப் பற்கள் கீழிருந்து மேலே ஏறுகின்றன. ஏற்கெனவே விழுந்த வெட்டுக்குள் எதையும் உரசாமல் வந்து போவது மட்டுமே அவற்றின் வேலை. பிளேடின் தகடு 2.2 மில்லிமீட்டர், பல்லின் அகலம் 3.2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தகட்டுக்கு இரண்டு பக்கமும் அரை மில்லிமீட்டர் இடம் இருக்கிறது. பின்பல்லுக்கு அந்தச் சலுகை கிடையாது, ஏனென்றால் வெட்டின் அகலமும் அதன் அகலமும் ஒன்றே. பிளேடு துளி கோணலாக நின்றாலும் பின்பல் ஒரு பக்கச் சுவரைத் தேய்க்க ஆரம்பித்துவிடும்.

எந்த வேகத்தில் தேய்க்கிறது என்று பாருங்கள். 1440 சுற்று மோட்டார், அதில் 6 அங்குலப் புல்லி, பிளேடு மாட்டிய ஷாஃப்டில் 3 அங்குலப் புல்லி என்றால் பிளேடு நிமிடத்துக்கு 2880 முறை சுற்றும். 12 அங்குல பிளேடின் சுற்றளவு ஏறக்குறைய 96 சென்டிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் பல்லின் வேகம் விநாடிக்கு 46 மீட்டர், மணிக்கு 165 கிலோமீட்டர். கருகாமல் என்ன செய்யும்?

எவ்வளவு கோணல் வரை பொறுக்கலாம்? முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் 0.1 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வேண்டாம். ஆசாரிமார் கணக்கில் ஒரு நூல் என்பது எட்டில் ஒரு அங்குலம். அதில் முப்பதில் ஒரு பங்கு இது. சாதாரண ஜெராக்ஸ் தாளின் கனம் அளவுதான். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, அளந்தே ஆக வேண்டும். கோவையில் பீளமேடு, கணபதி பக்கம் இருப்பவர்களுக்கு இது பெரிய காரியமில்லை. தெருவுக்கு ஒரு லேத் பட்டறை, அங்கே 0.01 மில்லிமீட்டர் வரை காட்டும் டயல் கேஜ் இருக்கும். அது கிடைக்காவிட்டால் அலகு நகரும் மூலைமட்டமே போதும்.

முதலில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளேடை முழுக்க உயர்த்தி, ஒரு பல்லில் சாக்பீஸ் அடையாளம் போடுங்கள். அந்தப் பல்லை முன்பக்கம் கொண்டுவந்து, மேசையில் பலகை நகரும் திசையில் வெட்டியிருக்கும் காடியின் (நீளப் பள்ளத்தின்) ஓரத்திலிருந்து அதற்கு எவ்வளவு தூரம் என்று அளவெடுங்கள். பிறகு பிளேடைக் கையால் சுற்றி, அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுபோய் மறுபடி அளவெடுங்கள். அதே பல்லாக இருக்க வேண்டும் என்பது முக்கியம். முன்னால் ஒரு பல், பின்னால் வேறொரு பல் என்று அளந்தால், பிளேடிலேயே இருக்கும் சின்ன நெளிவும் கணக்கில் சேர்ந்து உங்களைக் குழப்பிவிடும்.

வித்தியாசம் இருந்தால் எதைத் தளர்த்துவது என்பது மிஷினைப் பொறுத்தது. சிலவற்றில் மேசையின் போல்ட்டுகளைத் தளர்த்தி மேசையைத் திருப்ப வேண்டும், சிலவற்றில் கீழே பிளேடைத் தாங்கும் சட்டத்தை. ஆங்கிள் இரும்பில் உள்ளூரிலேயே அடித்த மிஷினாக இருந்தால், ஷாஃப்டைத் தாங்கும் பிளம்மர் பிளாக்கில் ஒரு பக்கத்தை மட்டும் தளர்த்தி, மரச் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். இறுக்கியபின் மீண்டும் அளப்பது கட்டாயம்; இறுக்கும்போதே கொஞ்சம் நகர்ந்துவிடும்.

இதையெல்லாம் செய்தும் பிளேடு ஆடுகிறது என்றால், பிளேடை இறுக்கிப் பிடிக்கும் வாஷரைக் கழற்றிப் பாருங்கள். வாஷரின் ஓரம் மையத்திலிருந்து 25 மில்லிமீட்டர் தூரம், பல் 150 மில்லிமீட்டர் தூரம் என்றால், வாஷரில் இருக்கும் பிழை பல்லில் ஆறு மடங்காகத் தெரியும். அங்கே 0.05 மில்லிமீட்டர் மரத்தூள் ஒட்டியிருந்தால் பல் 0.3 மில்லிமீட்டர் ஆடும். துணியால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான். பிளேடு மாற்றும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்யலாம்.

உரசலால் வரும் சூடு அடுத்த தொல்லையைக் கொண்டுவருகிறது. எஃகு, ஒரு டிகிரி சூட்டுக்கு லட்சத்தில் 1.2 பங்கு விரியும். பிளேடின் விளிம்பு மட்டும் 100 டிகிரி கூடுதலாகச் சூடானால், சுற்றளவு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நீளப் பார்க்கும். நடுப்பகுதி குளிர்ந்தே இருப்பதால் விளிம்புக்கு விரிய இடம் இல்லை. எண்ணெயில் போட்ட அப்பளத்தின் ஓரம் போல அது நெளிய ஆரம்பிக்கிறது. நெளிந்த பிளேடு இன்னும் உரசும், இன்னும் சூடாகும். நல்ல பிளேடுகளின் விளிம்பில் கொக்கி போலக் கீறல்கள் வெட்டியிருப்பது இந்த விரிவுக்கு இடம் கொடுக்கத்தான்.

கருகல் பலகையோடு போகும். உயிருக்கு ஆபத்தானது பின்பல் மரத்தைக் கவ்வி எறிவது. பலகையின் ஓரத்தைத் தாங்கும் கைடு, பின்பக்கம் பிளேடை நோக்கிச் சாய்ந்திருந்தால், பலகை இரண்டுக்கும் நடுவே நெருக்கப்படும். மேலே ஏறும் பின்பற்கள் அதைத் தூக்கி, பெரும் வேகத்தில் நம்மை நோக்கி வீசும். பலகையில் இருந்த கை பிளேடு பக்கம் இழுபடுவதும் உண்டு. ஆகவே கைடு பிளேடுக்கு இணையாக இருக்கட்டும். தவறினால், பின்பக்கம் ஒரு தாள் கனம் விலகி இருக்கலாம், நெருங்கி இருக்கவே கூடாது.

கைடு சரியாக இருந்தாலும் மரம் தானாகவே நெருக்கும். சரியாக உலராத வேம்பையோ, முறுக்கி வளர்ந்த மரத்தையோ அறுக்கும்போது உள்ளே இருந்த இழுவிசை விடுபட்டு, வெட்டு பின்னால் மூடிக்கொள்ளும். அதைத் தடுக்கத்தான் பிளேடுக்குப் பின்னால் ரைவிங் நைஃப் என்ற தகடு நிற்கிறது. அதன் கனம் பிளேடுத் தகட்டைவிடக் கூடுதலாகவும் வெட்டின் அகலத்தைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். பிளேடிலிருந்து 3 முதல் 8 மில்லிமீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பல பட்டறைகளில் இது இடைஞ்சல் என்று கழற்றிப் பரண்மேல் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து திரும்ப மாட்டுங்கள். தொலைந்துபோயிருந்தால், தகடு வெட்டும் எந்த லேத் பட்டறையும் ஒன்று செய்து கொடுக்கும்.

இனி மழுங்கல். ஆனைமலைத் தேக்கிலும் பொள்ளாச்சித் தென்னையிலும் சிலிக்கா, அதாவது மணலின் மூலப்பொருள், மரத்துக்குள்ளேயே இருக்கிறது. சாதா எஃகுப் பல் சீக்கிரம் தேய்வது அதனால்தான். கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளில் செய்த முனை நெடுநாள் தாங்கும். கார்பைடை அரத்தால் தீட்ட முடியாது, வைரச் சக்கரம் வேண்டும். தென்னையில் இன்னொரு எச்சரிக்கை: வெளிப்பகுதி இரும்பாக இருக்கும், நடுப்பகுதி பஞ்சாக இருக்கும். கடினமான பகுதி முடிந்து மென்மையான பகுதி வந்ததும், அதே பலத்தில் தள்ளும் கை சட்டென்று முன்னே பாயும். தென்னைக்குத் தள்ளுகட்டை இல்லாமல் மிஷினைத் தொடாதீர்கள்.

கிராமத்துப் பட்டறைகளில் வோல்டேஜையும் பார்க்க வேண்டும். இந்த மோட்டார்களின் முறுக்குவிசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. வோல்டேஜ் 20 சதவீதம் குறைந்தால் கிடைக்கும் விசை 64 சதவீதம்தான். கிணற்று மோட்டார்கள் ஓடும் நேரத்தில் ரம்பம் திணறினால் பிளேடைக் குறை சொல்வதற்குமுன் வோல்டேஜ் மீட்டரைப் பாருங்கள். மெல்லிய ஒயரில் நீளமாக இழுத்த கனெக்‌ஷனும் இதே வேலையைச் செய்யும்.

அப்புறம் துரு. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே ஈரக்காற்று வீசும்போது வார்ப்பிரும்பு மேசை சீக்கிரம் செம்மை பூத்துவிடும். மெல்லிய உப்புத்தாளில் தேய்த்துத் துடைத்து, கெட்டி மெழுகு தடவிப் பளபளப்பாக்குங்கள். சிலிக்கோன் கலந்த ஸ்பிரே வேண்டாம். அது மரத்தில் ஒட்டிக்கொண்டால் பின்னால் அடிக்கும் பாலிஷ் பிடிக்காமல் திட்டுத்திட்டாக விலகும். மெழுகு தடவிய மேசையில் பலகை லேசாக நகரும், தள்ளக் குறைந்த பலமே போதும். மேசைக்குக் கீழே பிளேடை உயர்த்தும் திருகுக்கும் கிரீஸ் வேண்டாம். மரத்தூள் அதில் ஒட்டிக் கட்டியாகிவிடும், அங்கேயும் மெழுகுதான்.